பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் கெட்ட வார்த்தைகளை மறைக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கம் இருக்கும் உங்கள் அப்பத்தா பேசுவதைப் போனில் பதிந்து, மென்பொருளில் கொடுத்து எழுத்தாக்கி, வீட்டாருக்காக ஒரு சிறிய புத்தகம் போட நினைக்கிறீர்கள். அப்பத்தா யாரையாவது ஏசுகிற இடம் வந்தால் மென்பொருள் நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறது. சில இடங்களில் அவர்கள் ஏசவே இல்லை, அங்கும் நட்சத்திரம். இப்படி வெட்ட மென்பொருளுக்கு உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவோ, பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகம், வெட்டினால் நல்லதுதானே என்கிறார். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. காதில் விழுந்ததை எழுத வேண்டிய கருவி அதை எழுதாமல் விடலாமா என்பது ஒன்று. எழுதி முடித்த பிறகு, புத்தகத்தில் எது நிற்கலாம் என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைப் பேசுகிறீர்கள், சித்தப்பா இரண்டாவதைப் பேசுகிறார். பிரித்துப் பார்த்தால் உங்கள் இருவருக்கும் இடையில் பெரிய தகராறு ஒன்றும் இல்லை.

நான் காரைக்குடியில் பல வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன். கூடவே வக்கீல் நோட்டீஸ், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் மனு, பாகப்பிரிவினைப் பத்திரம் என்று ஜாப் டைப்பிங்கும் நடந்தது. பிறகு ஆய்வு மாணவர்கள் கிராமங்களில் பதிந்துவரும் பேட்டி, ஒப்பாரி, கும்மி இவற்றைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது, பேச்சைக் கேட்டு எழுதும் பேச்சறி மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கத் திரட்டப்படும் தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன். நிரல் எழுதுகிறவள் இல்லை, சட்டம் படித்தவளும் இல்லை. ஆனால் ஒருவர் பேசியதை இன்னொருவர் எழுதும்போது என்ன தொலைகிறது என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கருவி கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். மறைக்கிற முடிவு மனிதருடையது. மறைத்தால் மறைத்தது தெரிய வேண்டும், திரும்ப எடுக்கவும் முடிய வேண்டும்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த நட்சத்திரம் பெரும்பாலும் பேச்சறியும் பகுதியின் வேலை இல்லை. மென்பொருள் உங்கள் அப்பத்தா சொன்னதைச் சரியாகவே கேட்டு எழுத்தாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வடிகட்டி வந்து, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துகிற சொல்லை மறைக்கிறது. கூகுள் நிறுவனம் மென்பொருள் செய்பவர்களுக்குக் கொடுக்கும் பேச்சறி சேவையில் இந்த வடிகட்டி தனி அமைப்பாக இருக்கிறது. வேண்டும் என்று நாம் சொன்னால்தான் இயங்கும். இயங்கினால் முதல் எழுத்தை விட்டுவிட்டு மற்றதை நட்சத்திரமாக்கும். அதே கூகுளின் ஆண்ட்ராய்டு போன் குரல் தட்டச்சிலோ அது பெரும்பாலும் இயங்கும் நிலையிலேயே கைக்கு வருகிறது. மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவையில் மூன்று வழி உண்டு: மறைப்பது, அடியோடு நீக்குவது, அப்படியே விடுவது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மறைக்கும். அமேசானின் சேவையில் பட்டியலை நீங்களே கொடுக்க வேண்டும். அதில் மறைத்தல், நீக்கல் தவிர, சொல்லை அப்படியே விட்டு அருகில் அடையாளம் மட்டும் வைக்கும் வழியும் இருக்கிறது. யூடியூப் தானியங்கி வசன வரிகளில் அடைப்புக்குறிக்குள் ஒரு கோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே வடிகட்டிதான். ஆக, ‘மென்பொருளால் முடியவில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்டுவிட்டுத்தான் மறைக்கிறது.

இதற்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச்சறி மென்பொருள் பழகுவது மனிதர் எழுதிக் கொடுத்த எழுத்திலிருந்து. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள், இணையத்தில் கிடைத்த 6,80,000 மணி நேர ஒலியையும் அதற்கான எழுத்தையும் வைத்துப் பழகியது. தமிழும் அதில் உண்டு. அதற்கென்று தனி வடிகட்டி கிடையாது. ஆனால் பழகக் கொடுத்த எழுத்திலேயே யாரோ கூச்சப்பட்டுச் சில சொற்களை விட்டிருந்தால், அந்தக் கூச்சத்தையும் சேர்த்தே மென்பொருள் கற்றுக்கொள்ளும். சரிபார்க்கும் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒலியில் ஒருவர் ஏசியிருப்பார், எழுதியவர் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிருப்பார். எழுதியவர் நல்ல வீட்டுப் பெண்ணாக இருப்பார், மேசைக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பா உட்கார்ந்திருக்கலாம். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் இப்படிப் பழகிய மென்பொருள் என்ன செய்யும் என்றால், நட்சத்திரம் போடாது, அருகில் ஒலிக்கும் வேறொரு ‘நல்ல’ சொல்லைப் போட்டுவிடும். ‘குண்டி காஞ்சா குதிரையும் வைக்கோல் திங்கும்’ என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்கிற பழமொழி, ‘வண்டி காஞ்சா’ என்று எழுதப்பட்டு வந்து நான் திருத்தியிருக்கிறேன். நட்சத்திரம் போட்டால் அங்கே ஏதோ இருந்தது என்றாவது தெரியும். இதில் அதுவும் தெரியாது.

இனி, ஏசாத இடத்தில் ஏன் நட்சத்திரம் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலை வைத்து வடிகட்டினால் எந்த மொழியிலும் இது நடக்கும். 1996 இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணைய சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது, அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்ததால். தமிழில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நம் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி நீண்டுகொண்டே போகும் என்பதால், பட்டியல் போடுகிறவர் முழுச் சொல்லாக ஒப்பிட்டால் பாதி நழுவிவிடும், சொல்லின் துண்டை ஒப்பிட்டால் நல்ல சொற்கள் மாட்டிக்கொள்ளும். பெரும்பொழுது ஆறில் ஒன்றான கூதிர் மாட்டும். ‘கூதலா இருக்கு, போர்வை குடு’ என்று மார்கழியில் சொல்வதும் மாட்டலாம். திருவெள்ளறைப் பெருமாளின் பெயர் புண்டரீகாட்சன், அந்தப் பெயரை வைத்துக்கொண்ட மனிதரும் மாட்டுவார். மயிர் என்பது வள்ளுவர் கூசாமல் குறளில் எழுதிய சொல், கோபத்தில் சொன்னால் வசவு. சாதிப் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் பறையிசை, பறைசாற்றுதல் எல்லாம் நட்சத்திரமாகிவிடும். தேவரடியார் என்று கோயில் கல்வெட்டில் இருப்பதை ஒரு ஆராய்ச்சியாளர் வாசித்துக் காட்டினாலும் வடிகட்டிக்கு அவர் ஏசுகிறவர்தான்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே அம்மாவை ஆத்தா என்கிறோம். ‘உங்க ஆத்தா எங்க?’ என்று வாசலில் நின்று கேட்பது மரியாதையான பேச்சு. அதே இரண்டு சொல்லும் சேர்ந்து சுருங்கி, வேறு ஊரில் வேறு குரலில் வந்தால் அடிதடியில் முடியும். எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல வரும். தொனியை வைத்துத்தான் பிரிக்க முடியும், பட்டியலுக்குத் தொனி தெரியாது. உங்கள் பதிவில் ஏசாத இடத்தில் நட்சத்திரம் விழுந்ததற்கு இது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பதிவைக் கேட்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பட்டியல் தப்பவிடுகிறதையும் பார்க்க வேண்டும். ஊரில் ஒருவர் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி, ‘உன் வீட்டுல விளக்கேத்த ஆளில்லாமப் போக’ என்று சொன்னால், கேட்டவர் அன்று இரவு சாப்பிடமாட்டார். அந்த வாக்கியத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, வடிகட்டி அப்படியே விட்டுவிடும். திருவிழா நாடகத்தில் பபூன் பேசுகிற இரட்டை அர்த்தம் முழுக்க நல்ல தமிழில் இருக்கும், அதுவும் தப்பிவிடும். ஆனால் பேரன் தலையைத் தடவிக்கொண்டே ஆயா ‘எரும மாடே, சாப்பிட வா’ என்று கூப்பிட்டால் பட்டியலைப் பொறுத்து அது மறையக்கூடும். சித்தப்பா தடுக்க நினைப்பது மனம் நோகிற பேச்சை என்றால், இந்த வடிகட்டியால் அது ஆகாது. சொல்லைத் தடுக்கிறதே தவிர, நோவைத் தடுப்பதில்லை.

நான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசக் காரணம், டைப்பிங் வேலையில் பார்த்தது. ஒரு பெண் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் தன்னை என்ன சொன்னார் என்று அழுதுகொண்டே சொல்வார். மனு எழுதிக்கொடுக்கிறவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘தகாத வார்த்தைகளால் திட்டி’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். காகிதத்தில் அசிங்கம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். நாங்களும் அப்படியே தட்டச்சு செய்வோம். ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது குற்றம் என்று சொல்லும் சட்டப் பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 296, சொல்லப்பட்ட சொல் என்ன என்பதை வைத்து நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 இல் உச்ச நீதிமன்றம், வெறும் வசவும் இழிவும் மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது என்றதோடு, குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதாகக் கூறப்படும் சொற்கள் எந்த ஆவணத்திலும் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. சாதி வசவு இன்னும் கடுமையான விஷயம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் ஏசுவதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பெயரைச் சொன்னாரா என்பதுதான் அங்கே வழக்கே. இனிமேல் மனுவும் வாக்குமூலமும் பேசி எழுதப்படும் காலம் வருகிறது. உச்ச நீதிமன்றத்திலேயே 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை மென்பொருள் கொண்டு உடனுக்குடன் எழுத்தாக்கத் தொடங்கினார்கள். அந்த மென்பொருளில் யாரோ வைத்த பட்டியல் சொல்லை நட்சத்திரமாக்கினால், மனு எழுதுகிறவர் கூச்சத்தால் செய்ததை இது கேட்காமலே எல்லாருக்கும் செய்துவிடும். உங்களுக்கு இப்படி ஒரு வழக்கே இருந்தால் வக்கீலைப் பாருங்கள். நான் சொல்வது எழுதுகிறவர் பக்கத்து நியாயம் மட்டும்.

உங்கள் அப்பத்தா பதிவுக்கும் இது பொருந்தும். நம் பக்கத்துப் பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும்போது, தாங்கள் ஏசியதைவிட ஏச்சு வாங்கியதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். இளம் வயதில் கணவனை இழந்த ஒரு ஆச்சி, கல்யாண வீட்டில் எதிரே வந்ததற்காகத் தன்னை ‘முண்டை’ என்றும் ‘அறுதலி’ என்றும் யார் சொன்னார்கள், எந்தக் கட்டுக்குள் வரக்கூடாது என்றார்கள் என்று சொல்லி நான் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் இருக்கிற இடத்தில் நட்சத்திரம் போட்டால், காப்பாற்றப்படுவது யாருடைய மானம்? சொன்னவருடையது. ஆச்சிக்கு நடந்தது காணாமல் போகிறது. பெரிய வீடு, ஆத்தங்குடித் தரை, பர்மாத் தேக்கு, முகப்பு, வளவு என்று நம் பக்கத்தைப் பற்றி அழகழகாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வளவுக்குள் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது இப்படி ஒரு பதிவில்தான் கிடைக்கும்.

காது கேளாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசன வரியை நம்பிப் படம் பார்ப்பவருக்கு, மற்றவர் காதில் விழுந்த சொல் மட்டும் மறைக்கப்படுகிறது. பிபிசி தன் வசன வரி வழிகாட்டியில், ஒலியில் சொல் இருந்தால் வரியிலும் அதை விடுவதுதான் முறை என்கிறது, நீக்கினால் அவர்கள் தங்களைத் தாழ்வாக நடத்துவதாக உணர்கிறார்கள் என்ற காரணத்தோடு. ஒலியிலேயே பீப் போட்டிருந்தால் வரியிலும் அப்படியே குறிக்கலாம். இது நேர்மையான அளவுகோல் என்று நினைக்கிறேன். கை வராமல் குரலால் மட்டும் எழுதுகிறவருக்கோ இந்த மென்பொருள்தான் பேனா. தம்பிக்கு எழுதும் கடிதத்தில் அவர் கோபப்பட்டால், பேனா ‘இதை எழுதமாட்டேன்’ என்று நிற்பது போல ஆகிறது. கையால் எழுதுகிற எனக்கு இருக்கிற உரிமை அவருக்கு ஏன் குறைய வேண்டும்?

மறைக்க வேண்டும் என்பவர்கள் பக்கத்திலும் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. மென்பொருள் தப்பாகக் கேட்கும். சொல்லாத கெட்ட வார்த்தையைச் சொன்னதாக எழுதிவிடும். யூடியூபில் குழந்தைகளுக்கான வீடியோக்களை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஒரு ஆய்வு, சோளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆபாசப் படத்தைக் குறிக்கும் சொல்லாகவும், கடற்கரை என்பது வசவாகவும் எழுத்தாக்கப்பட்டதைக் காட்டியது. விஸ்பரை ஆராய்ந்து 2024 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஏறக்குறைய நூறில் ஒரு ஒலித்துண்டுக்கு, யாரும் பேசாத வாக்கியங்களே எழுத்தில் வந்திருந்தன. அவற்றில் வன்முறைப் பேச்சும் இருந்தது. ஆயா ‘கூதல்’ என்று சொன்னதை மென்பொருள் வேறாக எழுதி, அது மணிவிழா மண்டபத் திரையில் உடனடியாக ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற பிழையைச் சிரித்துவிட்டுப் போகலாம், இந்தப் பிழை ஒரு மனிதரை அவமானப்படுத்திவிடும். அதனால், நேரடியாக எல்லார் கண்ணிலும் படுகிற திரை, பள்ளிக்கூடம், குழந்தைகள் பார்ப்பது, இந்த மூன்று இடத்திலும் மறைத்தல் இயங்கும் நிலையில் இருப்பதை நான் ஏற்கிறேன். அங்கே யாரும் உட்கார்ந்து சரிபார்க்க நேரமில்லை என்பதுதான் காரணம். பிறகு சேமித்துவைக்கும் எழுத்தில் அந்த நட்சத்திரம் நீங்கிவிட வேண்டும்.

சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். வாங்கிய புதுப் போனில் இது இயங்கும் நிலையில் இருக்கலாமா, கூடாதா? என் எண்ணம், கூடாது என்பது. வீட்டில் ஒரே போனைக் குழந்தையும் எடுக்கிறது என்பவர்களின் பதிலும் எனக்குப் புரிகிறது. இதில் நான் கண்டிப்பாக நிற்கமாட்டேன். முதல் முறை குரலில் எழுதும்போதே ‘மறைக்கவா, வேண்டாமா’ என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சாதி வசவு விஷயத்தில் என் மனம் இரண்டாக இருக்கிறது. மூலப் பதிவின் எழுத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்தில் அச்சாகி, அந்தச் சொல்லால் காலம் முழுக்க அடிபட்ட ஒருவர் அதைத் திறந்து பார்க்கும்போது, ‘வரலாற்றுக்காகப் போட்டோம்’ என்று சொல்வது போதுமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. உங்கள் அப்பத்தாவே அப்படி யாரையாவது சொல்லியிருந்தால், அது பண்ணையில் வேலை செய்தவர்களைப் பற்றியதாக இருந்தால், அந்தக் குடும்பத்தார் இன்றும் அதே ஊரில்தான் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

சட்டமன்றத்தில் நடப்பதைப் பாருங்கள். உறுப்பினர் ஒருவர் கூடாததைச் சொன்னால், அவைத் தலைவர் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது’ என்கிறார். குறிப்பு எடுக்கிறவர் தானாக முடிவு செய்வதில்லை. நாடாளுமன்றத்தின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் அந்த இடத்தில் நட்சத்திரம் இருக்கும், தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் இருக்கும். யார் நீக்கினார் என்பது தெரிகிறது, எங்கே நீக்கினார் என்பதும் தெரிகிறது. எது நீக்கத்தக்கது என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கலாம், முறை சரியான முறை. போனில் விழுகிற நட்சத்திரத்தில் எங்கே என்பது மட்டும்தான் தெரிகிறது, யார் என்பது தெரிவதில்லை. பட்டியலை யார் போட்டார், எந்த ஊர்த் தமிழை வைத்துப் போட்டார், எதற்காக நம் சொல் அதில் விழுந்தது, எதுவும் தெரியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. போனில் குரல் தட்டச்சு அமைப்புக்குள் போய், புண்படுத்தும் சொற்களைத் தடுக்கும் பொத்தானை அணையுங்கள். யூடியூபில் ஏற்றி வசன வரி எடுப்பவராக இருந்தால், ஸ்டுடியோவின் சேனல் அமைப்பில், மேம்பட்ட பகுதியில், பொருத்தமற்ற சொற்களைக் காட்டாதே என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். வீட்டுக் கணினி ஓரளவு வேகமானது என்றால் விஸ்பரை அதிலேயே இயக்கலாம். அப்பத்தாவின் குரல் வெளியே எங்கும் போகாது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்று வெளியிட்ட பேச்சறி மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரே பதிவைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்து ‘வந்தாக, சொன்னாக’ பேச்சுக்கு இரண்டுமே தடுமாறும், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்கிய பிரதியாக வைக்காமல், மூலக் கோப்பையே இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

எழுத்தில் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று, சொன்னது சொன்னபடி முழுமையாக, ஒவ்வொரு பக்கத்திலும் பதிவின் நிமிடக் கணக்கோடு. அது பெட்டிக்குள் இருக்கட்டும். இன்னொன்று புத்தகத்துக்கு. இரண்டாவதில் எதை எடுப்பது என்பதை நீங்களும் சித்தப்பாவும் முடிவு செய்வதற்கு முன்னால், அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘இது இருக்கட்டுமா அப்பத்தா’ என்று கேளுங்கள். என் அனுபவத்தில், நாம் கூசுகிற சொல்லைப் பெரியவர்கள் ‘இருக்கட்டும், அதுல என்ன’ என்பார்கள். நாம் கவனிக்காத வேறு ஏதாவது ஒரு வரியை, ஒரு சம்பந்தியைப் பற்றியதை, ‘அதை மட்டும் எடுத்துரு’ என்பார்கள். அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் அவர்கள். எடுக்கிற இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘ஒரு வரி நீக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். ஏசப்பட்டவர் இன்று உயிரோடு இருந்து, அவருக்கு அது தலைகுனிவாகும் என்றால், சொல்லை எடுப்பதைவிட அவருடைய பெயரை எடுப்பது நல்லது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுப் பதிவையும் காதில் மாட்டிக்கொண்டு, எழுத்தைக் கையில் வைத்து, ஒருமுறை வரிக்கு வரி கேளுங்கள். நட்சத்திரம் விழுந்த இடங்கள் தானாகக் கண்ணில் படும். வேறு சொல்லாக மாறிப்போன இடங்கள் அப்படிக் கேட்டால்தான் அகப்படும். முடிந்தால் அப்பத்தா வயதுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் புரியாமல் நாம் தாண்டிப்போகும் சொல் அவர்களுக்குப் புரியும்.